ஓடையில் நீ கால் வைக்கவில்லை

பாப்பா,

இதை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று தடவை அந்த மைக் படத்தை அழுத்திப் பிடித்தேன். மூன்று தடவையும் "சாப்டியா கண்ணு" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. அதனால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பட்டப்பகலில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குப் புதன். வெள்ளிக்கிழமை நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பனிக்கௌதாரி பார்க்கப் பனிமலைக்குக் கிளம்புகிறாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடு. உன் தம்பிக்கும் உன் அத்தைக்கும் நானே நகல் அனுப்புகிறேன். நம் சொந்தத்தில் எல்லாருக்கும் நான் சொல்லிவைத்த பொய் ஒன்று உண்டு. திருத்தமும் எல்லாருக்கும் போய்ச் சேரட்டும்.

போன ஞாயிறு உன் வீட்டுக்கு வந்திருந்தேன் இல்லையா? கூடம் முழுக்கத் தொப்பியும் ஸ்வெட்டரும் பையும் பரப்பிக் கிடந்தன. இனியாவையும் முகிலையும் சோபாவுக்குப் பின்னால் குந்த வைத்து, பறவை வரும்வரை எப்படி அசையாமல் இருக்க வேண்டும் என்று நீ பழக்கிக்கொண்டிருந்தாய். ரெண்டு நிமிஷத்தில் முகில், "அம்மா, மூச்சு மட்டும் வுட்டுக்கட்டா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம். இனியா சிரிக்கவில்லை. எட்டு வயதுக்கு அந்தப் பிள்ளைக்கு யோசனை அதிகம். "கால் வலிச்சா என்னா மா பண்றது?" என்றாள். நீ சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கணும். வாயத் தொறந்தா கௌதாரி பறந்துரும். அம்மா உன்னாட்டம் இருந்தப்ப தாத்தா பேச்சக் கேக்காம ஓடையில போய்க் கால வச்சேன். என்னா ஆச்சு பாத்தியா?" என்று சொல்லி இடது கால் சாக்ஸைக் கழற்றிக் காட்டினாய். அவள் உன்னுடைய அந்தக் குட்டையான விரலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதே கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆமா கண்ணு, அம்மா சொல்றதக் கேளு" என்றேன். இருபத்து மூன்று வருஷப் பழக்கம், தானாக வந்துவிட்டது.

நீ ஓடையில் கால் வைக்கவில்லை. நாம் அன்றைக்கு உட்கார்ந்திருந்த இடத்தில் ஓடையே கிடையாது. இருந்த தண்ணீரெல்லாம் கல்லாக உறைந்து கிடந்தது. உன் விரலைத் தின்றது என் கடைச் சரக்கு. அதற்குத் துணை நின்றது என் வாய்.

நான் எங்கிருந்து வந்தவன் என்பது உனக்குத் தெரியும். கல்லாவியில் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்த வீடு நம்முடையது. பத்தொன்பது வயதில் ஓசூருக்கு வந்து, வார்ப்பு வேலை நடக்கும் ஒரு ஷெட்டில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். காலில் ரப்பர் செருப்பு. ஒருநாள் ஒரு வார்ப்புத் துண்டு கை நழுவிக் கால் மேல் விழுந்தது. ஒரு மாதம் படுக்கை. அப்போதுதான் தெரிந்தது, பக்கத்து லைனில் பர்மனென்ட் ஆட்கள் போட்டிருந்த ஷூவின் மூக்கில் இரும்புத் தகடு இருக்கிறது, அதன் மேல் எது விழுந்தாலும் விரல் தப்பிக்கும் என்று. எழுந்து நடந்ததும் முதல் வேலையாக, கம்பெனிகள் கழித்துப் போட்ட சேஃப்டி ஷூக்களை மொத்தமாக வாங்கி, குந்தாரப்பள்ளி சந்தையில் சாக்கை விரித்து விற்றேன். அங்கிருந்து ஆரம்பித்த கடை இது. அந்த இரும்பு மூக்கின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை சாமி மேல்கூட இருந்ததில்லை.

சந்தை எனக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஒருத்தன் ஆரம்பித்தால், அவன் மடியில் விற்க என்ன வைத்திருக்கிறான் என்று முதலில் பார்க்க வேண்டும். மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவதைப் பார்த்துப் பார்த்து வந்த புத்தி. அது எனக்கு நிறையச் சோறு போட்டிருக்கிறது, பொய் சொல்லமாட்டேன்.

இப்போது அந்தப் பயணத்துக்கு வருகிறேன். நம்மைப் பனிமலைக்கு இழுத்தது பறவை இல்லை. ஒரு பெரிய தொழிற்சாலைக்கு மொத்தமாக ஷூ சப்ளை செய்யும் ஆர்டர். அதை முடிவு செய்கிற பர்ச்சேஸ் மேனேஜருக்குப் பறவைப் பைத்தியம். ஜனவரியில் உத்தராகண்ட் பக்கம் பனிக்கௌதாரி பார்க்கப் போகிறேன், லேசில் கண்ணில் படாது, ரெண்டு வருஷம் போய் வெறும் கையோடு திரும்பினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சட்டென்று, "என் புள்ளைங்களுக்கும் பறவைன்னா உசுரு சார்" என்றேன். அதுவரை உனக்குத் தெரிந்த பறவை பிரியாணியில் வருவது மட்டும்தான். எனக்குத் தெரிந்த கௌதாரி பேரிகை ரோட்டோரம் கொள்ளுக்காட்டில் குடுகுடுவென்று ஓடுவது. அவர், "அப்ப ஃபேமிலியோட வாங்களேன்" என்றார். உனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. உன் அம்மா, "சின்னப் புள்ளைங்கள வச்சிக்கிட்டுப் பனியிலயா? ஓசூர் குளுருக்கே மூக்கு ஒழுவுது இதுங்களுக்கு" என்றாள். "நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டேன்.

ஷூ விஷயத்தை நான் ஒரு விளம்பரமாகத்தான் நினைத்தேன். பெண் தொழிலாளர்களுக்கென்று சின்ன சைஸில் இரும்பு மூக்கு ஷூ அப்போதுதான் வந்திருந்தது. மூன்றாம் நம்பரை உனக்கு எடுத்தேன். குளிருக்கு உள்ளே மூன்று ஜோடி சாக்ஸ் போட்டு, கால் இறுகப் பிடிக்கிற மாதிரி லேஸைக் கட்டினேன். தன் மகளுக்கே போட்டுக் கூட்டிவந்திருக்கிறான் பார் என்று மேனேஜர் நினைக்க வேண்டும், அதுதான் கணக்கு. தம்பி காலுக்கு என் கடையில் சைஸ் இல்லை. அதனால் உன் அம்மா வழியில் ஒரு பஜாரில் உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ் வாங்கிப் போட்டாள். தொளதொளவென்று இருந்தது. நான் கேலி செய்தேன்.

மலையில் நமக்கு வழிகாட்ட வந்தவர் பெயர் பல்பீர். காலையில் கிளம்பும்போது அவர் உன் முன்னால் குனிந்து, ஷூ மூக்கை விரலால் தட்டிப் பார்த்தார். டக் டக் என்று சத்தம் வந்தது. "இதில் இரும்பு இருக்கிறது, குளிரை உள்ளே இழுக்கும், இறுக்கமாக வேறு இருக்கிறது. என் மகளுடைய பூட்ஸ் வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன், நல்லதுக்குச் சொல்கிறேன்" என்றார். கடையில் லோடு இறக்குகிற பீகார்காரர்களிடம் கற்ற ஹிந்தி எனக்கு. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. 'நல்லதுக்கு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சரிதான், பூட்ஸ் வாடகைக்கு விடப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார். என் ஷூவை என் முன்னாலேயே ஒருத்தன் குறை சொல்கிறான். "இது தொழிற்சாலை ஷூ, எதையும் தாங்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி உன்னை நடக்கச் சொன்னேன். பல்பீர் உன் அம்மாவைப் பார்த்தார். அவளுக்கு ஹிந்தி தெரியாது.

ஒரு பாறை மறைவில் உட்கார வைத்தார்கள். மேனேஜர் போட்ட விதி: பேச்சு கிடையாது, அசைவு கிடையாது. அரை மணி நேரத்தில் தம்பி ஆரம்பித்துவிட்டான். "எனக்குக் குளுருது! எனக்கு உச்சா வருது! எனக்கு எந்தக் கோழியும் வேணாம்!" மலை முழுக்க எதிரொலித்தது. மேனேஜர் முகம் சுருங்கியது. அவனைக் கிள்ளினேன். இன்னும் பெரிதாகக் கத்தினான். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு லாட்ஜுக்கு இறங்கிவிட்டாள். கிளம்பும்போது, நீயும் வருகிறாயா என்று உன்னைக் கேட்டாள். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டவில்லை. நீ இருக்கிறேன் என்றாய்.

அழுதவன் கால் முழுசாக வீடு வந்தது. அடங்கி உட்கார்ந்தவள் விரல் போனது. இதை நினைக்காத நாள் எனக்குக் கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து நீ என் காதில், "அப்பா, வெரல்ல எறும்பு கடிக்கிறாப்ல இருக்குது" என்றாய். நான் உதட்டில் விரலை வைத்தேன். அப்புறம், "எரியுதுப்பா" என்றாய். "அஞ்சே நிமிஷம் கண்ணு" என்றேன். அந்த அஞ்சு நிமிஷம் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடைசியாக நானே குனிந்து, "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டேன். நீ இல்லை என்று தலையாட்டினாய். அப்பாடா என்று இருந்தது எனக்கு. வலி நின்றுவிட்டது, பிள்ளை பழகிவிட்டாள் என்று நினைத்தேன். பாப்பா, வலி நின்றதுதான் கெட்ட சேதி. எரிகிற வரைக்கும் விரலில் உயிர் இருந்தது.

அப்போது பார்த்து அதுகள் வந்தன. சரிவுக்கு மேலிருந்து ஏழு பறவைகள், கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக, பனியில் எது பறவை எது கல் என்று தெரியாத மாதிரி. வயிற்றில் செங்கல் நிறம், மூக்கும் காலும் ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்புக் காலை வெறும் பனியில் ஊன்றி நிதானமாக நடந்தன. பைனாகுலரில் அதுகளைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது. அது பொய்யில்லை. பறவை மேல் உனக்கு ஆசை பிறந்தது அந்த நிமிஷத்தில்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுந்து நிற்கச் சொன்னபோது நீ நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தாய்.

பல்பீர் உன் முன்னால் குந்தினார். ஷூவைக் கழற்றினார். இடது கால் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. தன் ஸ்வெட்டருக்குள், வயிற்றோடு உன் பாதத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அணைத்துக்கொண்டார். பிறகு கம்பளியால் சுற்றி, உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மேனேஜர் கேமராவில் படம் பார்த்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, "பாப்பாக்கு என்ன ஆச்சு?" என்றார். பதில் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "ஓடையில கால வச்சிட்டா சார். சொன்ன பேச்சக் கேக்கவே மாட்டா" என்றேன். நீ பல்பீர் தோளில் கன்னத்தை வைத்திருந்தாய். உன் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

லாட்ஜில் இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பல்பீர் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினார், "நெருப்புப் பக்கம் வேண்டாம்" என்று கத்திக்கொண்டே. நான் கேட்டேனா? பயத்தில் உன் பாதத்தை அடுப்புப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். உனக்குச் சூடு தெரியவில்லை, நீ காலை இழுக்கவில்லை. மரத்துப் போன தோல் கொப்பளித்தது. மிச்சம் இருந்ததையும் அப்படிக் கெடுத்தேன். உன் அம்மா பதறி வந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது அதே ஓடையைச் சொன்னேன். ரெண்டாவது தடவை பொய் சுலபமாக வந்தது. அவள் உன் பக்கம் திரும்பி, "நெசமாடி?" என்றாள். நீ, "ஆமா மா" என்றாய்.

ஏன் அப்படிச் சொன்னாய்? என்னைக் காப்பாற்றவா, பயந்தா, இல்லை நான் சொன்னதே நிஜம் என்று நம்பிவிட்டாயா? கேட்க எனக்குத் தைரியம் வரவே இல்லை.

மூன்று வாரத்தில் பெருவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்து, பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பாதியை எடுத்தார்கள். ஆர்டர் கிடைத்தது. அதன் பிறகு உன் அம்மா உன்னைத் திட்ட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஓடை வந்தது. மார்க் குறைந்தால் ஓடை, வண்டி ஓட்டக் கேட்டால் ஓடை. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே முந்திக்கொண்டு சொன்னேன், சின்ன வயதுப் பிடிவாதம் என்று. கல்யாணத்தன்று அம்மியில் உன் காலை வைத்து மெட்டி போடக் குனிந்த மாப்பிள்ளை, அந்த விரலில் மெட்டி நிற்காது என்று தெரிந்து ஒரு கணம் தயங்கினார். உன் அத்தை, "சொன்ன பேச்சக் கேக்காத காலு மாப்ள, கெட்டியா புடிச்சிக்கோங்க!" என்றாள். மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். மெட்டியை அடுத்த விரலில் போட்டார்கள். நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

நேற்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முறத்தில் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் போட்டுத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கிற வரைக்கும் கை நிற்கவில்லை. பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். "இருவத்தி மூணு வருசமா அந்தப் புள்ளைய வாயில போட்டு மென்னேனே" என்றாள். நான் ஏதோ சொல்ல வந்தேன். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவகிட்டச் சொல்லுங்க" என்றாள். காலையில் டிபன் மேசையில் இருந்தது, ஆள் சமையலறையில் இருந்தாள். அதை நான் அனுபவிக்க வேண்டியதுதான்.

உன்னைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. போ. ஆனால் வியாபாரியாகவே பேசுகிறேன், கேள். நேற்று மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் இனியாவின் பூட்ஸைப் பார்த்தேன், கச்சிதமாக இருக்கிறது. கச்சிதம் வேண்டாம். ஒரு சைஸ் பெரிதாக மாற்று, உள்ளே விரலை ஆட்டிக் காட்டச் சொல். ஒரு கம்பளி சாக்ஸ் போதும், மாற்றுக்கு இன்னொன்று பையில் இருக்கட்டும். அரை மணிக்கு ஒரு தடவை பூட்ஸைக் கழற்றி விரலை நீயே கண்ணால் பார். வலிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் நம்பிவிடாதே, தொட்டால் தெரிகிறதா என்று கேள். உள்ளூர்க்காரர் ஒன்று சொன்னால், அதில் அவருக்கு நாலு காசு கிடைக்கும் என்று தெரிந்தாலும் கேள். விற்கிறவன் சொல்வதெல்லாம் பொய் இல்லை. முப்பது வருஷம் விற்ற எனக்கு இது தெரியாமல் போனதே. நீங்கள் ரெண்டு பேரும் முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒருத்தர் பறவைக்கு, ஒருத்தர் பிள்ளைகளோடு சூடான அறையில். விறைத்துப் போனால் நெருப்பு வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், உடனே கீழே இறங்கி டாக்டரைப் பார்.

இதெல்லாம் இணையத்திலும் கிடைக்கும். கிடைக்காதது ஒன்றுதான். முகில் கத்துவான், அவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இனியா கத்தமாட்டாள். உன் முகத்தைப் பார்த்துத்தான் அவள் எதையும் செய்வாள். நீ அன்று சொல்லிக்கொடுத்தது அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, வாயைப் பொத்திய கையை நான் பார்த்தேன். எரிந்தால் வாய்விட்டுக் கத்து, ஏழு கௌதாரியும் பறந்தாலும் பரவாயில்லை என்று நீ சொன்னால்கூட, உன் விரலைப் பார்த்துவிட்டு அவள் ஓடையைத்தான் நம்புவாள். அந்த ஓடையை நான் வைத்தேன். நான்தான் எடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டியோடு உன் வாசலில் நிற்பேன். பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள்ளேயே ட்ராஃபிக்கில் நிற்போம், நேரம் இருக்கும். பிள்ளைகளுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஷூ, அஞ்சு நிமிஷம், பல்பீர், அடுப்பு, எல்லாம். முகில் என்னைத் திட்டுவான், திட்டட்டும். இனியா திட்டமாட்டாள். "அப்ப அம்மா ஏன் ஆமான்னு சொன்னாங்க?" என்று கேட்பாள். அதை நீதான் சொல்ல வேண்டும், பாப்பா. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல். நான் குறுக்கே பேசாமல் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பேன்.

அப்பா